எல்வாவின் மூன்றாவது குவியல்

எல்வா ஸ்கோல்ஸைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் முதல் வார்த்தையிலேயே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருபது வருடத்துக்கு மேல் வேலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். என் பெயர் வாரிக். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன், பொறுமை இல்லாதவன் என்று ஊரில் பெயர். காலையில் அவள் முகத்தில் விழித்தால் அன்றைக்கு நாள் உருப்படாது என்று நான் நினைப்பேன். என்னைப் பற்றி அவளும் அதையேதான் நினைத்தாள், வாய்விட்டும் சொல்லியிருக்கிறாள். இருந்தாலும் அவள் கதையை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர்க்காரர்கள் பாதியைத்தான் பார்த்தார்கள், மீதியை அவரவர் வாய்க்கு வந்தபடி இட்டுக்கட்டிக்கொண்டார்கள்.

ஹுவான் ஆற்றுக்கு மேலே ஆப்பிள் பறிக்கிற கூலிக் குடும்பத்தில் பிறந்தவள் அவள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பேக்கிங் கொட்டகையில் நின்று ஆப்பிளுக்குக் காகிதம் சுற்றியவள். அப்புறம் ஆப்பிளுக்குக் கிராக்கி போயிற்று, தோப்புகளை வேரோடு பிடுங்கினார்கள், கொட்டகையையும் மூடினார்கள். கட்டிக்கொண்டது மெர்வின் என்ற மரலாரி ஓட்டுநரை. நல்ல மனிதர். ஆனால் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். சாகும்போதுகூட அவர் அந்தச் சண்டையை முடித்துக்கொள்ளவில்லை. வீட்டை மனைவி பெயருக்கு எழுதாமல் பிரிஸ்பேனில் இருக்கிற மகள் லினெட் பெயருக்கு எழுதிவிட்டுப் போனார். வீடு மகளுடையதாக இருக்கட்டும், மண் என்னுடையது என்று எல்வா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அது பொய்யில்லை. எங்கள் தெருவில் தோண்டினால் களிமண்ணும் கல்லும்தான் வரும். அவள் கொல்லையில் மட்டும் முழங்கை வரை கை இறங்குகிற கறுப்பு மண் இருந்தது, அத்தனையும் அவள் உண்டாக்கியது. சரக்கு ஏற்றுகிற மரத்தட்டுகளை நிறுத்தி, சரியாக என் வேலியை ஒட்டி, மூன்று உரத்தொட்டிகள் கட்டியிருந்தாள். முதல் தொட்டியில் புதுக்குப்பை, இரண்டாவதில் பாதி மட்கியது, மூன்றாவதில் பாத்திக்குப் போகத் தயாரான உரம். படகுத்துறையிலிருந்து மீன் தலை, புயலுக்குப் பிறகு கரையில் ஒதுங்குகிற கடல்பாசி, கம்பளி கத்தரிக்கிற கொட்டகையிலிருந்து ஆட்டின் பின்பக்கத்து அழுக்கு மயிர், முடிவெட்டுகிற கடையின் குப்பை என்று எதையும் விடமாட்டாள். குவியலின் நடுவில் எப்போதும் ஒரு இரும்புக் கம்பி செருகியிருக்கும். விடிந்ததும் அதை உருவி உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பாள். கை சுட்டால் பேசாமல் போய்விடுவாள். ஆறியிருந்தால் இரும்புக் கவையை எடுத்துக்கொண்டு குவியலைக் கிளற ஆரம்பிப்பாள், கூடவே என்னையும் திட்ட ஆரம்பிப்பாள். என் வீட்டு மரத்தின் நிழல் விழுந்துதான் அவள் குவியல் சூடு குறைந்ததாம்.

பூமியின் தென்பாதியில் இருக்கிற எங்களுக்கு மார்ச்சிலேயே இலையுதிர் காலம், ஜூலையில் கடுங்குளிர். இலையுதிர் காலம் நெருங்கினால் அவளுக்குப் பேய் பிடித்துவிடும். பிப்ரவரி முடிந்து, மலை மேல் மேகம் இறங்கி, காலையில் கை விறைக்க ஆரம்பித்ததும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்குவாள். தேவாலயத்து ஓக் மரத்தின் இலை கீழே விழும் முன்பே அதன் அடியில் போய் நிற்பாள். நகராட்சி வண்டி வருவதற்குள் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்விட வேண்டும் அவளுக்கு. என் மனைவி பெவ் எங்கள் வாசலைக் கூட்டிக் குவித்துவிட்டு டீ போட உள்ளே போவாள், வெளியே வருவதற்குள் குவியலைக் காணோம். கேட்டால், தெருவில் கிடந்த இலையில் பெயர் எழுதியா வைத்திருந்தாய் என்று எல்வா திருப்பிக் கேட்பாள். எலி வருகிறது, நாற்றம் வருகிறது, ஈரத்தில் என் வேலிப் பலகை உளுத்துப்போகிறது என்று நான் நகராட்சியில் புகார் கொடுத்தேன். ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவள் தொட்டிகளை ஒரு சாண் தள்ளி வைத்தாள், ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. என் வாழ்க்கையில் நிம்மதியான வருடம் அதுதான்.

போன ஜூலையில், உறைபனி விழுந்த ஒரு காலையில், அவள் தொட்டிக்குப் பின்னால் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வரப்போகிறவன் நான்தான் என்று அவளுக்குத் தெரியும். மத்தியானம் பெவ் துணி உலர்த்தப் போனபோது மரத்தட்டு இடுக்கில் கம்பளித் தொப்பி ஒன்று அசையாமல் தெரிந்ததைப் பார்த்துவிட்டு என்னை விரட்டினாள். நான் வேலியைத் தாண்டிப் போய் அவள் மேல் போர்வையைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வண்டியில் ஏற்றும்போது அவள் எனக்குச் சொன்ன நன்றி இதுதான்.

“உன்ன யாரு கூப்பிடச் சொன்னா? இனிமே லினெட்டுக்குத் தெரிஞ்சுடும்.”

தெரிந்துதான் போயிற்று. லினெட் விமானம் ஏறி வந்தாள். எலும்பு முறியவில்லை, ஆனால் மகள் பயந்துவிட்டாள். ஹோபார்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் சொல்லி வைத்தாள். வீட்டை விற்றுவிடலாம் என்றாள். சமையலறையில் எல்வா போட்ட கூச்சல் என் கொல்லை வரைக்கும் கேட்டது. கடைசியில் இரண்டு பேரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஈஸ்டருக்கு லினெட் திரும்பி வருவாள். அதற்குள் அம்மா தன் கையாலேயே பாத்திகளுக்கு உரம் போட்டு, குளிர்கால அவரையும் பட்டாணியும் விதைத்து, பயிர் முளைத்து நின்றால் இன்னொரு வருடம் அந்த வீட்டில் இருக்கலாம். தோட்டம் வீணாகிக் கிடந்தால் இல்லத்துக்குப் போக வேண்டும். இது ஊர் முழுக்கத் தெரியும். அவளே கடை கடையாகப் போய் மகளைத் திட்டிக்கொண்டே சொன்னாள்.

ஆற்று வளைவில் புதிதாகக் குடிவந்தவர்கள் மட்டக்குதிரை வளர்த்தார்கள். சாணத்தை மூட்டை கட்டி வாசலில் அடுக்கி, வேண்டியவர்கள் எடுத்துப் போகலாம் என்று பலகை வைத்திருந்தார்கள். சும்மா கிடைக்கிறது என்றால் எல்வாவுக்கு இடுப்பு வலியே தெரியாது. செப்டம்பர் பிறந்ததும் தன் பழைய காரின் பின்சீட்டில் மூட்டை மூட்டையாக ஏற்றி வந்தாள். அந்த வருடம் மூன்றாவது தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் அந்தச் சாணம்தான். திரும்பத் திரும்பக் கிளறினாள். கம்பியைத் தொட முடியாத அளவுக்குக் குவியல் கொதித்தது. பிறகு ஆறி, சாணம் என்ற அடையாளமே போய், மழை பெய்த காட்டின் வாசனை வந்தது. அவள் செய்ததிலேயே அதுதான் உசத்தியான உரம். கோடைப் பயிருக்கு அதிலிருந்து ஒரு கூடைகூட எடுக்காமல் பழைய உரத்தைப் போட்டே ஒப்பேற்றினாள். புதுசை ஈஸ்டர் பாத்திகளுக்கென்று கண்ணும் கருத்துமாகக் காபந்து பண்ணினாள்.

அந்தக் குவியலில்தான் எனக்குப் பாதி கொடுத்தாள். ஜனவரிக் கடைசியில் ஒருநாள் வேலிக்கு மேல் தலை தெரிந்தது. என் தக்காளிப் பாத்தியை ஒரு நோட்டம் விட்டாள்.

“அதென்ன மண்ணா, சாம்பலா? தெனம் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு வலிக்குது. தள்ளுவண்டியக் கொண்டா.”

நான் அசையவில்லை. இதில் என்னவோ இருக்கிறது என்று தோன்றியது. பெவ்தான் உள்ளேயிருந்து வந்து, கொடுக்கிறதை வாங்கிக்கொள்ளாமல் என்ன முறைப்பு வேண்டிக்கிடக்கிறது என்று என்னைத் தள்ளிவிட்டாள். போனேன். எல்வா தன் கையாலேயே அள்ளிப் போட்டாள். அள்ளும்போது ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டாள், இடுப்பு அவ்வளவு வலித்தது. என்னை அள்ள விடவில்லை. நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். வாயை மூடிக்கொண்டு கீழே சிந்தாமல் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள்.

அக்டோபரில் விவசாயக் கண்காட்சி நாளன்று நட்ட தக்காளி அது. எங்கள் பக்கம் எல்லாரும் அன்றுதான் நடுவார்கள். பெவ் வருடாவருடம் அதில் ரெலிஷ் என்கிற தொக்கு போட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அனுப்புவாள். உரத்தைச் செடிகளின் அடியில் அணைத்துவிட்டேன், கடைசி வரிசையில் இரண்டாம் விதைப்புப் பீன்ஸுக்கும் போட்டேன். ஒரு வாரம் எல்லாம் ஜோராக இருந்தது. அதற்கப்புறம் தக்காளிக் கொழுந்து விரியாமல் உள்பக்கம் சுருண்டது. இலை ஒடுங்கி நாராகிப் போயிற்று, தண்டு முறுக்கிக்கொண்டது. முளைத்த பீன்ஸ் மூடிய கைபோல நின்றது, திறக்கவே இல்லை. ஓரத்தில் நின்ற மக்காச்சோளத்துக்கு மட்டும் ஒன்றுமில்லை. களைக்கொல்லி பட்ட செடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவள் தக்காளி சிவக்கச் சிவக்கத் தொங்கியது. என் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

“உரத்துல என்னத்தக் கலந்தீங்க?” என்று கேட்டேன்.

அவள் தக்காளி பறித்துக்கொண்டிருந்தாள். “கலக்கறதா? உன் மூஞ்சிக்கு நான் கடைக்குப் போயி மருந்து வேற வாங்கணுமா?”

“இத்தன வருஷத்துல ஒரு கீரைத்தண்டு குடுத்ததில்ல. திடீர்னு பாதிக் குவியல அள்ளிக் குடுப்பீங்களா? யாரு காதுல பூ சுத்தறீங்க?”

கையிலிருந்த பழத்தைக் கூடையில் வைத்தாள்.

“அன்னிக்கு என்னத் தூக்கிவிட்டே இல்ல. உனக்குக் கடன்பட்டுச் சாகக் கூடாதுன்னு குடுத்தேன். தீந்துபோச்சு. போ.”

நான் நம்பவில்லை. அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நம்பவில்லை. சுருண்ட தக்காளிக் கிளை ஒன்றை முறித்துக்கொண்டு போய் இரும்புக் கடையில் காட்டினேன், பந்து விளையாடுகிற கிளப்பில் காட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஊரில் அவள் வாயில் விழாதவர் யார்? ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய கணக்கு இருந்தது. படகுத்துறைக்காரர்கள் மீன் தலையைக் கடலிலேயே கொட்டினார்கள், அவளுக்குக் கொடுக்கவில்லை. முடிவெட்டுகிறவர் குப்பையைக் கட்டி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். ரொட்டிக் கடையில் ஒருத்தி அவளிடம் நேராகவே கேட்டுவிட்டாளாம், இப்படியும் ஒரு மனுஷி செய்வாளா என்று. எல்வா கடை வாசலுக்கு வந்து நின்றாள். நான் எதிர்ப்பக்கம் காரில் உட்கார்ந்திருந்தேன், அவள் பேசியது எனக்கும் சேர்த்துத்தான்.

“என் உரத்துல விஷம்னு சொல்றவங்க எல்லாரும் ஈஸ்டருக்கு வாங்க. மிச்சம் இருக்கறத என் பாத்திலயே போடறேன். அவரை முளைச்சு நிக்கும். அப்புறம் அந்த வாரிக் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வச்சுக்கறான்னு பாக்கறேன்.”

ஊருக்கு வெளியே நாற்றங்கால் வைத்திருக்கிறவள் கார்லா. அவளிடமும் கிளையைக் கொண்டுபோனேன். களைக்கொல்லி மாதிரிதான் இருக்கிறது, ஆனால் குருட்டாம்போக்கில் யார் மேலும் பழி போடாதீர்கள், சோதித்துப் பாருங்கள் என்றாள். சில சட்டிகளில் உங்கள் வாசல்பக்கத்து வெறும் மண், சில சட்டிகளில் அதே மண்ணோடு மிச்சமிருக்கிற எல்வாவின் உரம், எல்லாவற்றிலும் பீன்ஸ் விதை, ஒரே தண்ணீர், ஒரே வெயில். அதன்படி செய்து சமையலறை ஜன்னலில் வரிசையாக வைத்தேன். பெவ் முகம் சுளித்தாள். மார்ச் நடுவில் விடை தெரிந்தது. வெறும் மண்ணில் முளைத்தது பச்சைப்பசேலென்று இலை விரித்தது. உரம் போட்ட சட்டியில் முளைத்தது எல்லாம் சுருண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். சட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கார்லாவிடம் ஓடினேன்.

அவள் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்வா சாணம் எங்கே எடுத்தாள் என்று மட்டும் கேட்டாள். மட்டக்குதிரைக்காரர்கள் வீட்டில் என்றேன்.

“அப்ப எல்வாவ விட்டுடுங்க,” என்றாள். “உங்களுக்கு முன்னாடியே வேற ஆளுங்களும் இதே இலையக் கொண்டுவந்தாங்க. எல்லாரும் அங்கதான் சாணம் எடுத்திருக்காங்க. மேய்ச்சல் நெலத்துல முள்செடிக்கு மருந்து அடிச்சிருக்காங்க. குதிரை அந்தப் புல்லத் தின்னா அதுக்கு ஒண்ணும் ஆகாது, மருந்து அப்படியே சாணத்துல வந்துரும். குவியல் எவ்வளவு சுட்டாலும் அது சாகாது.”

பாவம், அந்தக் குதிரைக்காரர்களுக்கும் தெரியாது. விஷயம் காதில் விழுந்ததும் பலகையைக் கழற்றிவிட்டார்கள். எத்தனை நாள் மண்ணில் இருக்கும் என்று கேட்டேன். இரண்டு வருடம்கூட இருக்கலாம் என்றாள். பூண்டும் சோளமும் தாங்கும், அவரை, பட்டாணி, தக்காளி, உருளைக்கிழங்கு எதுவும் தாங்காது.

வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு வந்தது வருத்தம் இல்லை, எரிச்சல். ஜெயித்துவிட்டேன் என்று கிளம்பியவன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தது. அந்தக் கிழவி சொன்னது உண்மை என்பதே எனக்கு ஜீரணமாகவில்லை. காரை நிறுத்தும்போதே கவை மண்ணில் இறங்குகிற சத்தம் கேட்டது. எல்வா மூன்றாவது தொட்டியின் முன்பலகையைக் கழற்றிவிட்டு உரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். இன்னும் பாத்தியில் கொட்டவில்லை. சட்டிகளைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு ஓடினேன்.

“எல்வா, நிறுத்துங்க. அதப் போடாதீங்க.”

எல்லாவற்றையும் சொன்னேன், குதிரை, முள்செடி, மருந்து, கார்லா சொன்னது என்று ஒன்றுவிடாமல். அவள் எதுவும் கலக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று என்றும் சொன்னேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? வேலி அருகே வந்து, சுருண்ட கொழுந்தை விரலால் தொட்டுப் பிரித்துப் பார்த்தாள். ஒரு நிமிடம் நம்பிவிட்டாள் என்றே நினைத்தேன்.

“சட்டில நீ என்ன ஊத்தினியோ, யாரு கண்டா?” என்றாள்.

“நான் எதுக்கு ஊத்தணும்?”

“நான் மட்டும் எதுக்கு ஊத்தணும்? அன்னிக்கு அதக் கேட்டியா நீ? ஊரெல்லாம் போயி என்ன நாறடிச்சே. இப்ப வந்து போடாதேங்கறே. பாத்தி மொட்டையாக் கெடக்கணும், லினெட் வந்து பாக்கணும், வீட்ட விக்கணும். அதுக்குத்தானே இந்த நாடகம்?”

உரமே போடாமல் விதையுங்கள் என்றேன். அப்படிப் பயிர் சோர்ந்து போகும் என்று பயமாக இருந்தால் நாற்றங்காலிலிருந்து நல்ல உரம் நானே கொண்டுவந்து தருகிறேன் என்றேன். இதை நான் சொன்னேன் என்று பெவ்விடம் பிறகு சொன்னபோது அவளே நம்பவில்லை.

“உன் கையால ஒரு பிடி மண்ணு இதுக்குள்ள வந்துச்சுன்னா அதத் தோண்டி உன் வாசல்லயே கொட்டிருவேன்டா.”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எக்கேடோ கெட்டுப்போங்கள் என்று சொல்லிவிட்டுச் சட்டிகளை வேலிக்கட்டை மேல் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பெவ் போய்க் கதவைத் தட்டிப் பார்த்தாள், திறக்கவில்லை. மறுநாள் காலையில் சட்டிகள் என் பக்கம் உடைந்து கிடந்தன. உரம் முழுவதும் பாத்திகளில் பரவிக் கிடந்தது. ஒரே ஆளாக, அந்த இடுப்பை வைத்துக்கொண்டு, தொட்டியின் அடிமண் வரை சுரண்டிப் போட்டிருந்தாள். பாத்தி ஓரமெல்லாம் கயிறு பிடித்தது போல நேராக இருந்தது. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அப்படி இருந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

மண்ணில் இன்னும் கோடைச் சூடு இருந்ததால் அவரை சீக்கிரமே முளை விட்டது. முதல் சில நாட்கள் அவள் பாத்தியின் தலைமாட்டில் இடுப்பில் கை வைத்து நின்று என் ஜன்னலையே பார்ப்பாள். நானும் திரைச்சீலையை விலக்கிவிட்டுத் திருப்பிப் பார்ப்பேன். பிறகு ஒருநாள் காலையில் அவள் குனிந்தாள், நிமிரவில்லை. ஒவ்வொரு முளையாகத் தொட்டுக்கொண்டே வரிசை முடியும் வரை போனாள். அன்றிலிருந்து என் பக்கம் திரும்புவதை நிறுத்திவிட்டாள். சுருண்டதைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் விதைத்தாள். அதுவும் சுருண்டது. பட்டாணி தரையோடு தரையாக முறுக்கிக்கொண்டு கிடந்தது. ஈஸ்டர் வந்துவிட்டது.

புனித வெள்ளியன்று லினெட் வந்து இறங்கினாள். அன்று முழுவதும் அந்த வீட்டில் சத்தமே இல்லை, எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சனிக்கிழமை காலை அவள் வேலி அருகே வந்து என்னைக் கூப்பிட்டாள். எல்வா பின்வாசல் படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

“வாரிக், கடைல என்னென்னவோ சொல்றாங்க. அம்மா உங்க செடிக்கு விஷம் வெச்சாங்கன்னு. இங்க வந்து பாத்தா இவங்க தோட்டமும் இப்படிக் கெடக்கு. அம்மா குளுருங்கறாங்க. என்னதான் நடந்துச்சு?”

சொன்னேன். விஷம் வைத்ததாக ஊரெல்லாம் சொன்னவன் நான்தான், அது தப்பு என்று சொன்னேன். குதிரைச் சாணத்தைப் பற்றிச் சொன்னேன், கார்லாவிடம் வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். இந்த வயதில் இப்படிப் பாத்தி போட இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது என்றும் சொன்னேன், அது சத்தியம். லினெட்டின் முகம் இளகியது. அப்படியானால் இது அம்மாவின் தப்பே இல்லை என்றாள். யாராக இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்றாள். அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடிப் பழக்கமிருந்தால்தானே.

“நான் அப்பவே போடாதீங்கன்னு சொன்னேன். சட்டியக்கூடக் கொண்டுவந்து காட்டினேன்.”

“எப்ப? போடறதுக்கு முன்னாடியேவா?”

அவள் கேட்ட பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. அவள் கண்ணில் போன ஜூலையில் பார்த்த பயம் திரும்ப வந்துவிட்டது. சொன்னதைப் புரிந்துகொள்ள முடியாத அம்மாவை, தன் கையாலேயே தன் தோட்டத்தை அழித்துக்கொண்ட அம்மாவை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதாவது, வேலிக்கு இந்தப் பக்கத்துலேருந்து சொன்னேன்,” என்றேன். “அன்னிக்குக் காத்து வேற. அவங்களுக்குச் சரியாக் கேட்டிருக்காது. நானும் ஒழுங்காச் சொல்லல.”

லினெட் படிப்பக்கம் திரும்பினாள். “அம்மா, இவரு சொன்னது உனக்குக் கேக்கலையா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். காது கேட்காததற்காக யாரும் யாரையும் இல்லத்துக்கு அனுப்புவதில்லை, ஒரு கருவி வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது. எல்வா படியிலிருந்து இறங்கி மெதுவாகப் பாத்திக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எப்போதும் இருக்கிற வெறுப்புதான் இருந்தது, ஒரு துளி குறையவில்லை.

“என் காதுக்கு ஒரு கேடும் இல்ல. தெளிவாத்தான் சொன்னான். செடியத் தொட்டும் பாத்தேன். நான்தான் நம்பல.”

லினெட் உள்ளே போய்விட்டாள். நான் வேலிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை என்று சொல்லித் தொலைத்தால் என்ன, வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். எல்வா குனிந்து சுருண்ட அவரை ஒன்றை வேரோடு பிடுங்கி ஓரமாகப் போட்டாள்.

“உன் பொய்யில ஒண்டிக்கிட்டு இந்த வீட்டுல இருக்கச் சொல்றியா?” என்றாள்.

அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அவள் போகவே கூடாது என்றும் இருந்தது. ஜன்னல் வழியே லினெட் தொலைபேசியில் பேசுவது தெரிந்தது, ஹோபார்ட் இல்லத்துக்குத்தான் பேசுகிறாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எல்வா அடுத்த செடியைப் பிடுங்கினாள்.